ஷேடு சார் டிவி வாங்கினார்

பெயிண்ட் கடையில் அவருக்கு ஷேடு சார் என்று பெயர். யாராவது ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து "இதே நிறம் சுவருக்கு வேணும்" என்றால், அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு ஷேடு கார்டில் ஒரு கட்டத்தை விரலால் தொடுவார். அதன் எண்ணைத் தட்டினால் மெஷின் தானே கலந்து டப்பாவில் இறக்கிவிடும். வேலை மெஷினுடையது, பெயர் அவருடையது. சந்தன நிறம் வாங்கிப்போனவர் சுவர் மஞ்சளாய் நிற்கிறதே என்று சண்டைக்கு வந்தால்கூட ஷேடு சார் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"உங்க வீட்டு லைட்டு அப்படி, சார்."

வந்தவர் பல்பு மாற்றப் போய்விடுவார். இத்தனை வருட வேலையில் ஒரு தப்புகூட அவர் பக்கம் வந்து ஒதுங்கியதில்லை.

அவருடைய மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவர். தெருவில் எல்லோருக்கும் வேனக்கா. முன்னால் குப்பை வண்டி, பின்னால் ஹாரன், உள்ளே முப்பது பிள்ளைகளின் கத்தல், நடுவில் வாந்தி எடுக்கப் போகிறேன் என்று ஒருத்தியின் அறிவிப்பு. இத்தனைக்கும் மத்தியில் கண்ணாடி உரசாமல் சந்துக்குள் வேனைத் திருப்புவார். இதை ஒரு திறமை என்று ஷேடு சார் நினைத்ததே இல்லை. வேன் நல்ல வேன் என்று நினைத்தார்.

வேனக்காவின் தம்பி வேலைக்காக வேறு ஊர் போகும்போது, டிவியில் மாட்டி ஆடும் தன்னுடைய பழைய கேம் பெட்டியை அக்கா வீட்டில் விட்டுப் போனான். அதில் ஒரு கார் ரேஸ் இருந்தது. முதல் நாள் ஷேடு சார்தான் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார். இது பிரேக், இது ஆக்ஸிலரேட்டர், பயப்படாதே, மெதுவாக ஓட்டு. வேனக்கா மெதுவாகத்தான் ஓட்டினார். அவர் எல்லைக்கோட்டைத் தாண்டி, எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தபோதும் ஷேடு சாரின் கார் சுவரில் முட்டிக்கொண்டு பின்னால் வர வழி தெரியாமல் உறுமிக்கொண்டிருந்தது. மறுநாளும் அதே சுவர், அதே உறுமல். அந்த வாரம் முழுக்க மண்ணைக் கவ்விய பிறகு அவர் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"டிவி சரியில்ல. நான் பிரேக் போட்ட சேதி டிவிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள சுவரு வந்துடுது."

"எனக்கும் அதே டிவிதாங்க."

"உனக்கு அது பழகிடுச்சு. உனக்கு வித்தியாசம் தெரியாது. என் கண்ணுக்குத் தெரியுது."

சினிமாவுக்கும் இது போதாது, இருட்டுக் காட்சியெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது என்று சேர்த்துக்கொண்டார். வேனக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வேனுக்கு டயர் மாற்ற வேண்டும். அதுபோக என்ன மிஞ்சுகிறதோ அதற்குள் ஒரு டிவி.

அன்றிலிருந்து ஷேடு சார் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, கடை மெஷினில் பெயிண்ட் டப்பா குலுங்கும்போது. டிவியைப் பற்றிப் பேசுகிற நிபுணர்கள் ஒவ்வொருவரும் அரைமணி நேரம் வாய் ஓயாமல் பேசிவிட்டு, முடிவில் "அது அவங்கவங்க தேவையைப் பொறுத்தது" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அதைக் கேட்கத்தான் அரைமணி நேரமா என்று அவருக்குக் கோபம் வரவில்லை. அடுத்த நிபுணரைத் திறந்தார். விலை கூடிய திரைப் பேனலில்தான் கறுப்பு கறுப்பாகத் தெரியும் என்று மூன்றாவது ஆளும் சொன்னபோது அதன் விலையை மனைவியிடம் மெல்ல எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"அந்தக் காசுக்கு வேன் இன்ஜினையே இறக்கி ஏத்திடலாம்" என்றார் வேனக்கா. பேச்சு அங்கேயே நின்றது.

கடைக்கு வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். குளியலறைக்கு வெள்ளை கேட்டவர், திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தையும் கேட்டுவிட்டுத்தான் வெளியே போக முடிந்தது. அறுபது தடவை பழைய கதை, நூற்றிருபது இருந்தால்தான் கேம், என்பது அவருடைய தீர்ப்பு. அவருடைய முதலாளிக்கே காது புளித்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை இருவரும் டிவி கடைக்குப் போனார்கள். ஷேடு சார் கையில் ஒரு பை. பையில் வீட்டில் இருந்ததிலேயே தடித்த போர்வை.

கடையில் நாலு சுவரிலும் டிவி, எல்லாவற்றிலும் ஒரே கிளி ஒரே நேரத்தில் சிறகடித்தது. இந்த வெளிச்சத்தில் கறுப்பைச் சோதிக்க முடியாது என்று சொல்லி, ஷேடு சார் போர்வையை விரித்தார். ஒரு முனையை டிவியின் தலையில் போட்டார். மறு முனையைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். விற்பனைப் பெண்ணிடம், "அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா, வெளிச்சம் வருது" என்றார். அந்தப் பெண் என்ன செய்வாள், பிடித்தாள். போர்வைக்குள்ளிருந்து "ம்… சாம்பல்… ஓரத்துல வெளுப்பு…" என்று குரல் மட்டும் வந்தது.

அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போன ஒரு சின்னப் பெண் நின்று பார்த்தாள்.

"அப்பா, அந்த மாமாவுக்குச் சளியா? ஆவி பிடிக்கிறாரா?"

வேனக்கா நாலடி தள்ளிப் போய் மிக்ஸி விலை விசாரிக்க ஆரம்பித்தார்.

ஆறு டிவிக்கு ஆவி பிடித்த பிறகு, வியர்த்து வழிந்த முகத்தோடு ஷேடு சார் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஐம்பத்தைந்து அங்குலம். அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு நூற்றிருபது என்று போட்டிருந்தது. விலையோ டயர்க் காசைத் தொடவில்லை. இத்தனை பெரிசு, இத்தனை வேகம், இத்தனை மலிவு. இது எப்படி என்று யோசிக்க வேண்டிய இடத்தில் அவர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

வேனக்கா அட்டையைக் குனிந்து பார்த்தார். "கீழ பொடி எழுத்துல என்னவோ இருக்கு, படிச்சீங்களா?"

"அது எல்லா அட்டையிலயும் இருக்கும். டிவி பாக்கத் தெரியாதவங்க படிக்கிறது."

விற்பனைப் பெண் வாயைத் திறந்தாள். போர்வையைப் பிடித்திருந்த கை வலித்ததோ என்னவோ, மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த டிவி சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. சோபாவைப் பின்னால் தள்ளித் தள்ளி, கடைசியில் அதன் ஒரு கை சமையலறை நிலைக்குள் போய்விட்டது. முதல் நாள் ஒரு ராஜா கதைப் படம் போட்டார்கள். படம் வழவழவென்று ஓடியது. கண்ணாடித் தெளிவு. அந்தத் தெளிவில் கோட்டை, மரப்பலகையில் வர்ணம் பூசியது என்று தெரிந்தது. போர்க்களத்தில் நின்ற ராஜா, நாடக ஒத்திகைக்கு வந்துவிட்டு எப்போது டீ தருவார்கள் என்று காத்திருப்பவர் மாதிரி இருந்தார்.

"என்னங்க, சினிமா மாதிரியே இல்ல. சீரியல் மாதிரி இருக்கு."

"அதான் தரம்" என்றார் ஷேடு சார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி டிவி பார்க்க வந்தார். அவருக்கும் ஒன்று வாங்கும் எண்ணம். சோபாவில் முதலாளியை உட்காரவைத்து, நூற்றிருபதைக் கண்ணாலேயே காட்டுகிறேன் என்று ஷேடு சார் கேம் பெட்டியின் செட்டிங்குக்குள் போனார். திரையின் வேகம் என்று ஒரு வரி இருந்தது. அதன் எதிரே, ஐம்பத்தைந்து அங்குலத் திரையில், முழங்கை நீளத்துக்கு ஒரு அறுபது வந்து நின்றது.

ஷேடு சார் முகத்தில் ஈயாடவில்லை. அணைத்துப் போட்டார். அறுபதுதான். டிவி கடைக்குப் போன் செய்தார்.

"அட்டையிலயே பொடி எழுத்துல போட்டிருக்கே சார்" என்றது மறுமுனை. "திரை அறுபதுதான். நூத்திருபதுங்கிறது படத்தை வழவழப்பாக் காட்டுற வித்தை."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "ஏன் ஷேடு, நம்ம கடையில இருபது லிட்டர் வாளியில பத்து லிட்டர் ஊத்திக் குடுத்தா விடுவாங்களா?"

"கேம் பெட்டி பழசுங்க. அதுக்கு எண்ணத் தெரியல" என்றார் ஷேடு சார்.

முதலாளி போன பிறகு வேனக்கா கேட்டார்: "பழைய டிவி எத்தனைங்க?"

"அறுபது."

"அப்ப இதுவும் அதேதான். கொஞ்சம் பெருசாத் தெரியுது, அவ்வளவுதான்."

அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் ஷேடு சார் சண்டை போட்டாவது தேறியிருப்பார்.

அந்த வாரம் மதியம் வேன் ஓட்டம் இல்லாத நேரத்தில் வேனக்கா ரிமோட்டைக் கையில் எடுத்து, டிவியோடு வந்த புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். கேமுக்கென்று தனியாக ஒரு மோடு இருந்தது. அதைப் போட்டதும் பட்டனை அழுத்தியவுடன் கார் சொன்னபடி கேட்டது. இத்தனை நாள் டிவி தாமதமாகத்தான் இருந்திருக்கிறது. அந்த அளவில் ஷேடு சார் சொன்னது உண்மை. ஆனால் அந்தத் தாமதம் இருவரையும் பிடித்து வைத்திருந்தது. அவிழ்த்துவிட்டதும் வேனக்கா பறந்தார். ஷேடு சார் முன்பைவிடச் சீக்கிரமாகச் சுவருக்குப் போய்ச் சேர்ந்தார்.

கன்ட்ரோலர் ஆடுகிறது என்றார். சோபா ஆடுகிறது என்றார். சமையலறைப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் வெங்காயம் கண்ணில் எரிகிறது என்றார். ஒரு கட்டத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, மனைவி ஓட்டும்போது பக்கத்திலிருந்து "லெஃப்ட் எடு, இப்ப பிரேக், ஆங், நான் சொன்னேன்ல" என்று யோசனை சொல்லும் வேலையை ஏற்றுக்கொண்டார். அதில் அவர் ஒருமுறைகூடத் தோற்கவில்லை.

கடையில் அவர் மதிப்பு குறையவில்லை. டிவி வாங்கப்போகிறவர்கள் இப்போதும் அவரிடம்தான் கேட்கிறார்கள். அவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காசுக்கு ஏற்றபடி எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று சொல்கிறார். சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கிறது. முதலாளி அதன்படி வாங்கி நிம்மதியாக இருக்கிறார்.

ஒரு விடுமுறை மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒரு படம் போட்டார்கள். தலைப்பு வருவதற்குள் ஷேடு சார் சோபாவில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார். வேனக்கா செட்டிங்குக்குள் போய் அந்த வழவழப்பு வித்தையை அணைத்தார். படம் படமாகிவிட்டது. காலை நீட்டிக்கொண்டு, சத்தத்தைக் குறட்டைக்கு மேல் இரண்டு புள்ளி ஏற்றி, ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுதாகப் பார்த்தார்.

முடியும்போது ஷேடு சார் விழித்துக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"இருக்காதா பின்ன?" என்றார் அவர், சோம்பல் முறித்தபடி. "யார் பாத்து எடுத்த டிவி!"