புருவம் வைத்த கல் வீடு

ரயிலடியிலிருந்து அந்த இங்கிலாந்துக் கிராமம் மூன்று மைல். காலை பத்தரைக்கு டாக்சி பிடித்தோம், நாலு ஷில்லிங். கூட வந்தவர் காதர் முதலாளி. பினாங்கில் அவருக்குத் துணிக்கடை, எனக்கு வீடு கட்டும் கன்ட்ராக்ட். ஒரு தபால் அட்டையில் இந்த ஆங்கிலேயக் கல் வீட்டின் படத்தைப் பார்த்தவர், பினாங்கில் கெலுகோர் பக்கம் தமக்கும் இதே மாதிரி கட்டியே தீருவதென்று இருந்தார். சரக்கு வாங்க லண்டன் புறப்பட்டபோது என்னையும் கப்பலேற்றிவிட்டார். முடியாது என்றால் வேலை வேறு ஆளுக்குப் போகும். எனக்கோ கைவசம் வேறு வேலை கிடையாது.

வீடு முந்நூறு வருஷப் பழசாம். தேன் நிறக் கல், இரண்டடிக் கனச் சுவர். கூரையிலும் ஓட்டுக்குப் பதில் கல் தகடுகள்தான். கீழ்வரிசையில் பெரியவை, மேலே போகப் போகச் சிறியவை. மர முளைகளில் மாட்டியிருக்கிறார்கள். ஜன்னல்கள் சின்னஞ்சிறியவை. ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் சுவரிலிருந்து ஒரு கல் விளிம்பு புருவம்போல நீட்டிக்கொண்டிருந்தது.

கூரையை அண்ணாந்து பார்த்தபடியே உள்ளே நுழைந்தேன். வாசல் நிலை நெற்றியில் இடித்தது. ஐந்தடி மூன்றங்குல ஆளான எனக்கு வாழ்க்கையில் முதல் முறையாகக் கிடைத்த கௌரவம் இது. "எல்லாரும் இடித்துக்கொள்வார்கள்" என்று வீட்டுக்காரம்மாள் ஆறுதல் சொன்னார்.

ஜூன் மாதத்திலும் உள்ளே கணப்பு எரிந்தது. லண்டனில் இறங்கியதிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்த முதலாளி ஓவர்கோட்டைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார்.

"அண்ணே, இதுதான் வீடு. எப்ப ஆரம்பிக்கலாம்?"

 உள்ளதைச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தேன்.

"மொதலாளி, இது சூட்டை உள்ள பிடிச்சு வைக்கக் கட்டின வீடு. கெலுகோர்ல சூட்டைப் பிடிக்க வீடு எதுக்கு? அதுதான் நம்மளப் பிடிச்சுக்குதே."

"முடியாதுங்கிறீங்களா?"

"கட்டிடலாம். குடியிருக்க முடியாது. ரொட்டிக் கடைக்கு வேணும்னா வாடகைக்கு விடலாம்."

அவர் சிரிக்கவில்லை. வேலை போயிற்று என்று நினைத்தேன்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலருகே போய் நின்றேன். சுவரில் வழிந்த தண்ணீர் புருவத்தில் மோதி இரண்டு பக்கமும் ஒதுங்கி விழுந்தது. கண்ணாடிப் பக்கம் வரவே இல்லை.

"மொதலாளி, இங்க வந்து பாருங்க. நம்ம ஊர்ல மழைன்னா என்ன செய்றோம்?"

"ஜன்னலைச் சாத்துறோம். சாத்தினா புழுங்குது லா. வீட்டுல தினம் ஏச்சுத்தான்."

"பெரிய ஜன்னலா வச்சு, காத்தை உள்ள விட்டு, மேல இந்தப் புருவத்தை மட்டும் வைப்போம்."

டாக்சி வந்து ஹாரன் அடிக்கும்வரை அவர் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டை மாட்டினார்.

"சரி, கல்லு வேணாம். ஆனா புருவத்தை இன்னும் நல்லா நீட்டி வைங்க. நம்ம மழை இங்கிலீஷ்காரன் மழை இல்ல."

தலையாட்டிக்கொண்டே வெளியே வந்தேன். நிலை மறுபடியும் இடித்தது. கெலுகோர் வாசலுக்கு ஏழடி உயரம் என்று அங்கேயே முடிவாயிற்று.