படகு கவிழ்ந்தும் நீந்தி வந்த கபுனாரே

ஒனோதோவா தீவில் என் தம்பி தெபானோ எதையும் மொட்டையாகச் சொல்லமாட்டான். "உப்பு குடு, வெள்ளைச் சட்டியில இருக்கற உப்பு" என்பான். வலை இழுப்பவர்கள் சிரிப்பார்கள். "நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள மீனுக்கு வயசாயிடும்டா."

செத்தவர்கள் பெயரால் வந்த பழக்கம் அது. எங்களில் பேரனுக்குத் தாத்தா பெயர்தான். கபுனாரே இருவர். மூத்தவர் படகு கவிழ்ந்தும் நீந்தி வந்தவர். நாங்கள் கிழங்கு பயிரிடும் குழியைத் தோண்டியவர். அவர் பேரன் காது கேளாத கபுனாரே. வடக்கே இருந்த தன் துண்டு நிலத்தை இத்தாக்கா என்பவன் வீட்டாருக்குக் கொடுத்துவிட்டவர். எங்கள் பாட்டனார் இவருக்கு அண்ணன். குழி அவர் வழியாக எங்களுக்கு வந்தது.

நில அதிகாரி கப்பலில் வந்தார். கபுனாரே கொடுத்தது அந்தக் குழியைத்தான் என்று இத்தாக்கா வழக்குப் போட்டிருந்தான். ஊர்க்கூடம் நிறைந்திருந்தது. குழி எங்களுடையது என்று காட்ட, எங்கள் வம்சத்தின் ஏழு பெயர்களைச் சொல்லத் தெபானோ எழுந்து, "கபுனாரே, படகு கவிழ்ந்தும் நீந்தி வந்தவர்..." என்று தொடங்கினான்.

அதிகாரியின் குமாஸ்தா பேனாவை வைத்தார். "பேரு மட்டும் போதும். தண்ணி வத்தறதுக்குள்ள கப்பல் கிளம்பணும்."

"பேரு மட்டும் சொன்னா செத்தவங்க ஒருத்தரோட ஒருத்தர் கலந்துடுவாங்க ஐயா."

கூடமே சிரித்தது. எனக்கு வெட்கம், பசி வேறு. பின்னாலிருந்து அவன் சட்டையை இழுத்தேன். "வாலை நறுக்கிட்டுச் சொல்லுடா. படிச்சவங்களுக்குத் தெரியாதா?"

"நீயா சொல்றே அக்கா?"

"நான்தான் சொல்றேன்."

ஏழு பெயர்களையும் மொட்டையாகச் சொன்னான். கபுனாரே இரண்டு தடவை வந்ததைத் தவறென்று நினைத்துக் குமாஸ்தா ஒன்றை அடித்துவிட்டார். மதியம் தீர்ப்பைப் படித்தார்கள். குழி இத்தாக்காவுக்கு.

"நிலத்தைக் கொடுத்தது வேற கபுனாரே ஐயா" என்றான் தம்பி.

"காகிதத்துல ஒருத்தர்தான் இருக்காரு" என்றார் குமாஸ்தா.

மறு வருஷம் வேறொரு அதிகாரி வந்தார். பதிந்தது பதிந்ததுதான் என்றார் அவரும். இப்போது விருந்து வந்தால் எங்கள் மூத்த கபுனாரே தோண்டிய குழியின் கிழங்கை இத்தாக்காவிடம் கேட்டு வாங்குகிறோம். அவன் சிறியதாகப் பார்த்துக் கொடுக்கிறான். தப்பு குமாஸ்தாவுடையது என்கிறார்கள் ஊரார். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சட்டையை இழுத்தது என் கை.

தெபானோ ஒரு தடவைகூட என்னைக் கடிந்துகொள்ளவில்லை. காலையில் மரமேறிக் கள் இறக்குகிறான், வந்து சாப்பிட உட்காருகிறான்.

"உப்பு" என்கிறான்.

"எந்த உப்புடா?" வேண்டுமென்றே கேட்டு, வெள்ளை, கறுப்பு இரண்டு சட்டிகளையும் அவன் முன்னால் வைக்கிறேன்.

பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்கிறான்.