இரண்டு கருப்பு, மூன்று கருப்பு

மருதாக்கா எங்கள் கல்லூரி ஆய்வகத்தைப் பெருக்கித் துடைக்க வந்து இரண்டு வருஷமாகிறது. அதற்கு முன் இருபத்தாறு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. இரண்டு துணியும் ஒரே கருப்புதான் என்று நாம் சத்தியமே செய்வோம். திங்கட்கிழமை சாயம் போட்ட லாட் எது, வியாழக்கிழமை லாட் எது என்று அவர் தனித்தனியாகப் பிரித்துப் போட்டுவிடுவாராம். அப்படிப்பட்டவர் பாஸ் செய்த சரக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது. இரண்டு லாட் கலந்திருந்தது. "உங்களுக்குக் கண்ணு போயிருச்சுங்கக்கா" என்றாராம் சூப்பர்வைசர். மருதாக்காவும் அதை அப்படியே நம்பி வேலையை விட்டுவிட்டார்.

எனக்கு எரிச்சலே அதில்தான். பஸ் போர்டைக்கூடப் படிக்கமாட்டார், பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார். கண் டாக்டரிடம் போகலாம் வாங்க என்றால், "வேண்டாங்க அம்மணி, அதை அவரு வாயால வேற கேக்கோணுமாக்கும்?" என்பார். இனி அந்தச் செக்கிங் மேஜையில் உட்காரவே முடியாது என்று நினைத்து நினைத்தே ஐம்பத்திரண்டு வயதில் பாதியாக இளைத்துப்போனார்.

என் பிழைப்பு சிலந்திகளோடு. மங்கலம் பக்கத்து நூல் குடோன் சுவர்களில் பிடித்த தாவும் சிலந்திகள். பார்த்தால் எல்லாம் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒரு டப்பாவில் விட்டால் சில ஜோடிகள் சேரவே சேராது. ஒரே இனமா, இரண்டு இனமா? குரோமோசோம் எண்ணிக்கை வேறாக இருந்தால் இனமும் வேறாக இருக்கலாம். இளம் ஆணின் விதைப்பையைக் கண்ணாடித் துண்டில் வைத்து நசுக்கிச் சாயம் ஏற்றினால், பிரியப்போகும் செல்லுக்குள் குரோமோசோம்கள் ஊதா நூல் துணுக்குகளாகத் தெரியும். எந்தச் சிலந்தியை எண்ணினாலும் எனக்கு ஒரே கணக்குதான் வந்தது.

ஒரு மதியம். பக்கத்துத் தறிக்கூடத்தின் சத்தம் தூளி ஆட்டுவதுபோல் வந்துகொண்டே இருந்தது. ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாமல் மிதந்தது. எண்ணிச் சலித்துப்போய், "அக்கா, இங்கன வந்து இதைப் பாருங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எனக்கு எங்கீங்க அம்மணி தெரியப்போவுது?"

"தெரியாட்டி தெரியலைன்னு சொல்லுங்க. குடியா முழுகிப்போகும்?"

துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். அப்புறம் அசையவே இல்லை. கீழிருந்து வந்த வெளிச்சம் அவர் இமையில் சின்னப் பொட்டாக நின்றது. ஆள் இங்கே இல்லை, அந்த ஊதா நூல்களுக்குள் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றியது.

"இந்தக் கொத்து மட்டும் வேற ஷேடுங்க. கொஞ்சம் கூடுதல் கருப்பு. ரெண்டு துணுக்கு ஒட்டிக்கிட்டுக் கெடக்குது."

அடுத்த கண்ணாடியை வைத்தேன்.

"இதுல மூணுங்க."

அட, மடச்சி! என்னைத்தான் சொல்கிறேன். அவை ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோம்கள். ஆண் சிலந்தியில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மற்றவற்றைவிட அடர்த்தியாகச் சாயம் பிடிக்கும். அந்தக் கொத்தை நான் ஒன்று என்றே எண்ணித் தொலைத்திருக்கிறேன்.

ஐந்து மதியங்கள் அப்படியே போயின. எந்தச் சிலந்தி என்று சொல்லாமல் நாற்பது கண்ணாடிகளை நீட்டினேன். இரண்டு கருப்பு ஒரு பக்கம், மூன்று கருப்பு ஒரு பக்கம் என்று அடுக்கினார். தெளிவில்லாத மூன்றைப் பாஸ் பண்ண மாட்டேன் என்று தள்ளிவைத்துவிட்டார். அதே சிலந்திகளின் கால்களைக் கோயம்புத்தூருக்கு மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. இரண்டு இனங்கள்தான். மருதாக்கா அடுக்கியதில் ஒன்றுகூட இடம் மாறவில்லை.

"அக்கா, உங்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை! நாளைக்கே போய் மேஜையில உக்காருங்க!" என்று குதித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு லாரி நின்னுட்டு இருந்துச்சுங்க அம்மணி. கட்டுல மேல இருந்த நாலு பீஸை மட்டும் பாத்துப்போட்டு, மிச்சத்துக்கெல்லாம் பாக்காமயே பாஸ் ஸ்டிக்கர் ஒட்டிட்டேன். கண்ணு போச்சுன்னு அவங்க சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சுங்க."

கோயம்புத்தூர்க் காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தேன்.

"பாவம், ரெண்டு வருசமா என்ற கண்ணு மேல பழியப் போட்டுட்டு இருந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, மூடிய இமைகளை இரண்டு கைகளாலும் தடவிக்கொண்டே இருந்தார்.