வண்டியில் இருப்பவளிடம் சொல்லாத சேதி

தனியார் ஜெட் ஓட்டுகிறேன் என்றால், எந்த நடிகரை ஏற்றிப் போனாய் என்றுதான் எங்கள் ஊரில் முதலில் கேட்பார்கள். அடுத்த கேள்வி, சாப்பாடு ஃப்ரீயா. இந்த வேலையில் பறப்பது கொஞ்சம், காத்திருப்பது நிறைய என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. வசதி படைத்தவர்கள் விமானத்தை வாடகைக்கு எடுப்பதே நேரத்துக்குக் கட்டுப்படாமல் இருக்கத்தான். மத்தியானம் திரும்பிவிடுவோம் என்று போனவர்கள் பொழுது சாயும்போது வருவார்கள். சாயங்காலம்தான் என்று சொன்னவர்கள், நாம் சோற்றில் கை வைத்ததும் போன் செய்து, வந்துகொண்டே இருக்கிறோம் என்பார்கள். ஆகவே அவர்கள் திரும்புகிறவரை விமான நிலையத்தைவிட்டு நகரக் கூடாது. அப்படி எத்தனையோ ஊர்களுக்குப் போய், ஒரு தெருவைக்கூடப் பார்க்காமல் திரும்பியிருக்கிறேன்.

இதை அப்பாவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பஸ் ஓட்டியவர் அவர். ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே வருகிறவரை மில் கேட்டில் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக் காத்துக் கிடந்தவர். "நானும் டிரைவரு, நீயும் டிரைவரு. என்ன, ஒனக்கு ஹாரன் இல்ல தாயி, அம்புட்டுத்தேன் வித்தியாசம்" என்று கிண்டல் செய்வார். என்னைப் பைலட் ஆக்குவதற்காக எங்கள் வீட்டில் என்னென்ன போயிற்று என்பதை நான் எழுதப் போவதில்லை. சந்தோஷமாகக் கொடுத்தார். அதைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பிடிக்காது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியில் இருப்பவரிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன அப்பாவிடம் வழியில் ஒரு ஸ்டாப்பில் யாரோ ஜன்னலோரம் வந்து, "ஒங்க அண்ணன் போயிட்டாருப்பா" என்று சொல்லிவிட்டார். வண்டி நிறையப் பெண்கள். மாற்றிவிட வேறு டிரைவர் கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினவர், வாய்க்கால் பாலத்தில் கைப்பிடிச் சுவரை உரசிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பாலம் வந்தாலே வண்டியை நடைவேகத்துக்குக் குறைத்துவிடுவார் என்று அம்மா சொல்வாள்.

அதற்குப் பிறகு அப்பா டூட்டியில் இருக்கும்போது எங்கள் வீட்டில் எதுவுமே நடக்காது. சிலிண்டர் தீராது. அம்மாவுக்குக் காய்ச்சல் வராது. நான் கணக்கில் பெயிலாக மாட்டேன். அவர் வந்து, கைகால் கழுவி, ஒரு டம்ளர் காபி குடித்து முடித்த பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். "செத்த நேரம் முன்னாடி வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு இந்த வீடு" என்று தலையில் கை வைப்பார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

நான் பறக்க ஆரம்பித்ததும் இந்த வழக்கம் அப்படியே என் பெயருக்கு மாறியது. நான் போன் செய்தால் அம்மா முதலில் கேட்பது, "தாயி, வண்டியில இருக்கியா, எறங்கிட்டியா?" டூட்டி என்று சொன்னால் போதும், பேச்சு சோறு, வெஞ்சனத்தைத் தாண்டாது. நானும் அதைச் செல்லமாகவே எடுத்துக்கொண்டேன்.

அன்று மும்பையிலிருந்து ஒரு குடும்பத்தை மதுரைக்கு ஏற்றி வந்தோம். பழனிக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு அன்றே திரும்புவதாக ஏற்பாடு. ஏறும்போது அந்த வீட்டு அம்மாள் என்னிடம் தன் கைப்பையை நீட்டி, தண்ணீர் கொண்டு வா என்றார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் கண் முன்னால் காக்பிட்டுக்குள் போய்க் கோ-பைலட் சீட்டில் உட்கார்ந்தேன். கேப்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மதுரையில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வருகையில் திண்டுக்கல் மலைக்கோட்டை தெளிவாகத் தெரிந்தது. அதன் அடியில் எங்கேயோதான் எங்கள் வீடு.

பயணிகள் இரண்டு கார்களில் பழனிக்குக் கிளம்பினார்கள். நான் எரிபொருள் வேலைகளை முடித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"தாயி, வண்டியில இருக்கியா?"

"டூட்டிதாம்மா. மதுரையில நிக்கிறேன். பழனிக்குப் போனவுக வந்ததும் கெளம்பணும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஹலோ, ஹலோ என்றேன்.

"மதுரையிலயா நிக்கிற?" என்றாள்.

"ஆமா. ஒன்றரை மணி நேரம் போதும் வீட்டுக்கு. வரத்தான் முடியாது. ஒன் வீட்டுக்காரர்ட்ட சொல்லு, அவருக்குத்தான் இது நல்லாப் புரியும்." கைப்பை கதையையும் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. பின்னால் ஏதோ தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. எங்கே இருக்கிறாய் என்றதற்கு, கடைத்தெருவுக்கு வந்தேன் என்றாள். முருங்கைக்காய் பிஞ்சாகக் கிடைத்தது என்றாள். "பாத்துப் போ தாயி" என்று வைத்துவிட்டாள்.

மத்தியானத்துக்கு வர வேண்டியவர்கள் வரவில்லை. கேட்டபோது, கோயிலில் கூட்டம் என்றார்கள். அப்புறம், கிளம்பிவிட்டோம் என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை. கேப்டன் ஒரு நாற்காலியில் தூங்கினார். நான் விமானத்தின் நிழலில் கொஞ்ச நேரமும் உள்ளே கொஞ்ச நேரமுமாக மாறி மாறி உட்கார்ந்திருந்தேன். வெயில் இறங்கிய பிறகு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். வழியில் திண்டுக்கல்லில் பிரியாணி சாப்பிட்டார்களாம், அதுதான் தாமதம். காலையில் என்னிடம் தண்ணீர் கேட்ட அம்மாள் வெட்கத்தோடு ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். நல்ல மனுஷிதான், குறை சொல்ல மாட்டேன்.

பைலட்கள் இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். ஒருவருக்கு வயிறு கெட்டால் மற்றவராவது ஓட்ட வேண்டும். கேப்டன் சாண்ட்விச் எடுத்துக்கொண்டார். பிரியாணி எனக்கு. மேலே ஏறி நேராகப் பறக்கத் தொடங்கியதும் பொட்டலத்தைப் பிரித்தேன். சீரகச் சம்பா அரிசி, சின்னச் சின்னத் துண்டாகக் கறி. எங்கள் ஊர் ருசி. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

மும்பையில் இறங்கி, பயணிகளை அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போன் செய்தேன்.

"எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேம்மா."

"வண்டிய நிப்பாட்டிட்டியா? நல்லா நிப்பாட்டிட்டியா?"

நிறுத்திவிட்டேன் என்றேன். அப்போதுதான் அம்மா அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவில், "அப்பா போயிட்டாரு தாயி" என்றாள்.

விடியும்போதே அவருக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. திண்டுக்கல்லிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். காலையில் நான் போன் செய்தபோது அம்மா அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள். வெயில் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் உயிர் போயிருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் அடுப்புக்கூட எரியாது. நான் பிரியாணி தின்றேன். என் விரல்களில் அதன் வாசனை அப்போதும் இருந்தது. விமான நிலையக் கழிப்பறையில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கு மதுரைக்கு வேறு விமானம் இல்லை. மறுநாள் காலையில் ஒரு சாதாரணப் பயணியாக, நடு இருக்கையில், இரண்டு பேருக்கு இடையில் அழுதுகொண்டு வந்தேன். தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். அப்பா ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். கண்ணாடி பனி பூத்துப் பூத்து முகத்தை மறைத்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. மனம் சரியில்லை என்று பைலட் சொன்னால் அவரை ஏற்ற மாட்டார்கள். வேறு ஆளைக் கொண்டுவருவார்கள், வராவிட்டால் பயணிகள் காத்திருப்பார்கள். அம்மா அந்தப் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கேப்டனே என்னைக் காரில் ஏற்றி அனுப்பியிருப்பார். மில் பஸ்ஸுக்குத்தான் மாற்று டிரைவர் கிடையாது. அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு என்ன அவசியம் வந்தது!

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு அம்மாவிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். மதுரையில் நிற்கிறேன் என்று சொன்னேனே, ஏன் கூப்பிடவில்லை?

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லிரத்தான் வாயெடுத்தேன். அவருதான் கையப் புடிச்சுக்கிட்டு, வேணாம்னு தலைய ஆட்டுனாரு. 'வண்டியில இருக்கா. எறங்கட்டும், அப்புறம் சொல்லு, ஓடி வந்துருவா'ன்னாரு. மத்தியானத்துக்கு மேல கேட்டுக்கிட்டே இருந்தாரு தாயி. எறங்கிட்டாளா, எறங்கிட்டாளான்னு."

"நீ என்னம்மா சொன்ன?"

"இன்னும் எறங்கலைங்கன்னு சொன்னேன்."

அந்த மத்தியானம் முழுவதும் நான் தரையில்தான் இருந்தேன்.