பிள்ளையார் நின்ற ஏழாம் கால்

முதலாளி தன் பிள்ளைகள்தான் முதலில் ஏறப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கிழமையில் ஏழாம் கால் இறங்கத் தொடங்கியது.

புத்தூரில், வெங்காயம் கிண்டி முடிந்த ஒரு காணியில் ரோலர் கோஸ்டர் பூட்டிக்கொண்டிருந்தோம். நான் காங்கேசன்துறையில் கிரேன்களைப் பூட்டிக் கழற்றிக் கிடந்த பிட்டர். இந்தக் கோஸ்டர் பக்டரியில் ஒரே மாதிரிச் செய்து உலகமெல்லாம் விற்கிற மொடல். கழற்றி லொறியில் ஏற்றலாம், போன இடத்தில் பூட்டலாம். அத்திவாரம் வேண்டாம். இரும்புக் கால்களைக் கட்டைகளில் நிறுத்தி, ஜக்கால் தூக்கி லெவல் எடுத்தால் சரி. லெவல் பிழைத்தால் தண்டவாளம் முறுகும், பெட்டி கழன்று போகும். பெட்டிக்குள் இருக்கப்போவது பிள்ளைகள்.

பின்னேரம் பார்த்தால் லெவல் குமிழி நடுவில் நிற்கும். காலையில் ஏழாம் கால் மட்டும் இறங்கியிருக்கும். தூக்கினேன். மறுநாளும் அதே கூத்து. கட்டையை மாற்றினேன். ஸ்பிரிட் லெவலையே சந்தேகப்பட்டுப் புதிதாய் ஒன்று வாங்கினேன். மழையும் இல்லை. பூசை வைத்துப் பிள்ளையார் படம் கட்டிய கால் மட்டும் ஏன் இறங்குகிறது?

“அண்ணை, பிள்ளையாருக்கு உது பிடிக்கேல்லைப் போல,” என்றான் கூட வேலை செய்த வரதன்.

“விசர்க்கதை கதையாதை!” என்று எரிந்து விழுந்தேன். உண்மையில் எனக்கும் பயந்தான்.

முதலாளி வந்தார். “நாளைக்குத் திறப்பு. ஓடுமோ ஓடாதோ, ஒண்டைச் சொல்லும்.”

“தெரியேல்லை.”

“தெரியாட்டி வேற ஆளைப் பிடிக்கிறன்.”

மறுநாள் விடிய முதலே போனேன். காணிக்காரி பரமேஸ்வரி அக்கா ஏழாம் காலடியைக் கூட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மிச்சத்தையும் குடத்தோடு கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“என்னக்கா செய்யிறியள்?”

“பிள்ளையாரடி காய்ஞ்சு கிடக்கலாமே தம்பி? குழந்தையள் ஏறுற இடம். ஒவ்வொரு நாளும் விடிய வந்து நாலைஞ்சு குடம் ஊத்திறனான்.”

நாங்கள் வேலைக்கு வரும் நேரம் மேல்மண் வெயிலில் காய்ந்துவிடும். அடிமண் கூழாய்க் கிடந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விசயத்தைச் சொன்னேன். அவருடைய முகம் வாடிப்போயிற்று.

“ஐயோ, என்னாலையோ தம்பி?”

“இல்லையக்கா, மண்ணாலை.”

பிள்ளையாரை டிக்கெட் கவுண்டருக்குக் கொண்டுபோனோம். ஈரமண்ணைத் தோண்டியெடுத்து, கல்லும் கிரவலும் போட்டு இறுக்கிக் காலை நிறுத்தினோம். “இண்டைக்குத் திறக்கேலாது,” என்றேன். முதலாளி ஏசிய ஏச்சு இப்போதும் காதில் நிற்கிறது. அடுத்த நாள் காலை குமிழி நடுவிலேயே நின்றது. மண்மூட்டைகளை ஏற்றி ஓட்டினோம். பிறகு நானே முன்பெட்டியில் தனியாய் ஒரு சுற்றுப் போய் இறங்கினேன்.

“என்ரை பிள்ளையளை ஏத்தலாமோ?” முதலாளியின் குரல் இறங்கியிருந்தது.

“ஓம், ஏத்துங்கோ.”

இப்போது எந்த இடத்துக்கு வேலைக்குப் போனாலும், லெவலை எடுக்க முதல் ஒன்று கேட்பேன்: “விடிய இஞ்சை ஆர் வாறவை?”

பரமேஸ்வரி அக்கா இன்னும் குடத்தோடு பிள்ளையாரடிக்கு வருகிறார். டிக்கெட் கவுண்டர் கொஞ்சம் சரிந்திருக்கிறது. அது சரியட்டும்.