நோன்பு மாதத்தில் ஒரு சமபந்தி விருந்து

சேஷாத்ரி சார் போய்விட்டார். காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து அவர் மகன் போன் செய்தார். தொண்ணூற்று மூன்று வயது, தூக்கத்திலேயே... கொடுத்து வைத்தவர்.

1960-இல் திருச்சியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் அவர் கிளார்க், நான் தற்காலிக டைப்பிஸ்ட். என் வேலையை நிரந்தரமாக்கும் ஃபைல் அவர் கையில்தான் இருந்தது.

அதற்குக் கொஞ்சம் முன்னால், ஊர்வல மேளம் பள்ளிவாசலைக் கடக்கும்போது தகராறு. எங்கள் அத்தாவின் குடைக்கடையை அடித்து நொறுக்கினார்கள். நிவாரணம் கேட்டு அத்தா கொடுத்த மனுவும் சாரின் மேஜையில்தான் கிடந்தது.

பிறகு சமூக நல்லிணக்கத்துக்கென்று கிராண்ட் வந்தது. இரண்டு தரப்பும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும், போட்டோ மேலே போக வேண்டும். மார்ச் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். சார் மார்ச் கடைசியில், பகல் பன்னிரண்டு மணிக்குப் பந்தி வைத்தார்.

அது ரமலான் மாதம்!

சொன்னேன். காலண்டரைப் பார்த்துவிட்டு, நோன்பை ஏப்ரலுக்குத் தள்ளி வைக்க முடியாதா என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

எங்கள் தெருவில் ஒருவரும் வரச் சம்மதிக்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஜமால், உங்க அப்பாவை அழைச்சுண்டு வாங்கோ. சாப்பிட வேண்டாம், இலைக்கு முன்னாடி சித்த உக்காந்தா போதும். மனுவும் என்கிட்டதானே இருக்கு."

அத்தா வர மாட்டேன் என்றார். நான்தான் கெஞ்சி அழைத்துப் போனேன். கடைக்காக என்று அவரிடம் சொன்னேன். என் வேலைக்காகவும்தான்.

அத்தாவின் பக்கத்து இலையில், கடையை உடைத்தவர்களில் ஒருவன். சாம்பாரை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

போட்டோக்காரர் கையை வாய்க்குக் கொண்டு போகச் சொன்னார். அத்தா அசையவில்லை. சார் சிரித்துக்கொண்டே குனிந்து, ஒரு கவளம் எடுத்து அத்தாவின் வாயில் வைத்துவிட்டார். ஃபிளாஷ் அடித்தது.

சோற்றைத் துப்பத் தெரியாத மனுஷர். விழுங்கிவிட்டார். கண்ணில் நீர் வந்தது. பெரிய அதிகாரிகள் கைதட்டினார்கள்...

சார் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தார். நீங்கள் சாப்பிடவில்லையா என்று கேட்டேன்.

"எனக்கு இன்னிக்கு ஏகாதசி. பச்சைத் தண்ணி பல்லுல படாது."

அடுத்த மாதம் மனு திரும்பி வந்தது. பதிலை டைப் அடித்தது நான்தான். மனுதாரர் எதிர்த்தரப்பினருடன் சமரசமாகி ஒன்றாக உணவருந்தியிருப்பதால் நிவாரணம் தேவையில்லை. ஆதாரம், இணைப்பில் உள்ள போட்டோ.

எனக்கு வேலை நிரந்தரமானது. அத்தா விட்ட நோன்பை வேறொரு நாளில் பிடித்துவிட்டார். கடையை மட்டும் திறக்கவே இல்லை. மௌத்தாகும் வரை.

இன்று சாரின் மகன் பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அனுப்பினேன்.

மத்தியானமே போஸ்டர் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அத்தாவை வெட்டி எடுத்துவிட்டார்கள். குனிந்து, சிரித்தபடி, கையில் சோற்றுடன் சார் மட்டும் நிற்கிறார். கீழே, "பசித்தவர் வாய்க்குச் சோறூட்டிய நெஞ்சம்."

நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன்.

போயிட்டு வாங்க சார்.