சம்பந்தியின் பூட்டன்

எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. டென்மார்க்குக்கு வரும் வழியில் ரோமில் பதினொரு நாட்கள் தங்கினேன். அதுவும் ஓர் அறைக்குள். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு, மகளின் கல்யாணப் பேச்சில் டேனிஷ் சம்பந்தியிடம் "ஓரளவுக்கு வாசிப்பேன்" என்று சொல்லியிருந்தேன்.

மனிதர் அதை மறக்கவில்லை. சென்ற கோடையில் மனைவியோடும் மகளோடும் ஹொல்ஸ்டெப்ரோவில் அவர் வீட்டுக்குக் கோப்பி குடிக்கப் போனபோது, இரண்டு பழைய பதிவுகளின் பிரதிகளை என் முன்னே விரித்தார். அவருடைய பூட்டன், அப்பப்பாவின் தகப்பன், இத்தாலியிலிருந்து வந்தவர். வயதான தகப்பனைத் தனியே விட்டுவிட்டு ஓடிவந்தவர் என்று குடும்பத்தில் ஒரு கதை. அதனால் அவருடைய படம் எந்தச் சுவரிலும் ஏறவில்லை. ஒரு பதிவு அவருடைய ஞானஸ்நானம். மற்றது, புறப்படுவதற்குச் சற்று முன் ஊரில் நடந்த கல்யாணம்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல்யாணப் பதிவில் தகப்பனின் பெயருக்கு முன் நின்ற 'ஃபு' என்ற சொல்லைத் தொட்டு, "இது உங்கள் குலப்பெயர்" என்றேன். சம்பந்தி பயபக்தியோடு எழுதிக்கொண்டார்.

"அப்பா, மற்றதிலை அது இல்லையே," என்றாள் மகள்.

உண்மைதான். ஞானஸ்நானப் பதிவில் அதே தகப்பனின் பெயருக்கு முன் 'டி' மட்டும் இருந்தது. இடையில் இருபத்தைந்து வருடங்கள்.

நான் தினமும் காலையில் முதலில் வாசிப்பது மரண அறிவித்தல். யாழ்ப்பாணத்தான் வேறு எதை வாசிப்பான்? அங்கே யாரும் தனியாகச் சாவதில்லை. இன்னாரின் மகனாகவும், இன்னாரின் மருமகனாகவும், கனடாவிலுள்ள இன்னாரின் மைத்துனராகவும்தான் சாவார்கள். உயிரோடிருக்கும் தகப்பனுக்கு வெறும் பெயர். போய்விட்டவருக்கு முன்னால் ஒரு சொல்.

"பிள்ளை, இது 'காலஞ்சென்ற'. கல்யாணத்துக்கு முதலே தகப்பன் மோசம் போயிட்டார்."

மகள் கைபேசியில் தேடினாள். அதேதான். 'டி' என்றால் உயிரோடிருப்பவரின் பிள்ளை. 'ஃபு' என்றால் காலஞ்சென்றவரின் பிள்ளை.

சம்பந்தி குலப்பெயரை மெதுவாக வெட்டினார். பிறகு, "அப்படியானால் விட்டுவிட்டு வர அங்கே தகப்பன் இருக்கவில்லை," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. மேலே போய், ஒரு பெட்டியிலிருந்து படத்தை எடுத்து வந்தார். ஆணியை அவர் பிடிக்க, நான் அடித்தேன். என் சொந்தப் பூட்டனுக்குக்கூட நான் இவ்வளவு செய்ததில்லை.

திரும்பி வரும்போது காரில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

"செத்த ஆக்களின்ரை விசயமெண்டால் உங்களுக்கு உடனை விளங்குது," என்றாள் மனைவி. "உடுப்புத் தோய்க்கிற மெசின் சத்தம் போடுதெண்டு நான் ரெண்டு கிழமையாச் சொல்லுறன்."